எறும்பு நுழையாத சுவர்

அக்டோபர் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

வாயாடி எழுதுவது. இங்கே மூக்கு ஒழுகுவதைத் தவிர எல்லோரும் சுகம். நீ ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாயா, ரயிலில் கால் நீட்ட இடம் கிடைத்ததா, முட்டி வலி எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் எழுது. "நலம்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு மிச்சத் தாளை வெறுமையாக அனுப்பாதே. அந்தத் தபால்காரர் ஐந்து நாள் சுமந்து வருகிறார், அவருக்காகவாவது நாலு வரி பேசு.

நீ கிளம்பின மறுநாளே ஆற்றுக் காற்று ஆரம்பித்துவிட்டது. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் என் ஆரஞ்சுக் கன்றுகளை ஒட்டுக் கட்டின இடத்தில் முறித்துப் போட்டதே, அதே காற்று. இந்த வருஷமும் வந்தது. நீ கட்டித் தந்த சுவரில் மோதியது. தலையைச் சொறிந்துகொண்டு வந்த வழியே போய்விட்டது. ஆயிரத்து நானூறு கன்றில் ஒன்று சாயவில்லை, அண்ணா. நான் மூன்று முறை எண்ணினேன், ஒவ்வொரு முறையும் வேறு வேறு கணக்கு வந்தது, ஆனால் சாய்ந்தது ஒன்றும் இல்லை.

உன் மாப்பிள்ளை பால் வண்டியை நிறுத்திவிட்டு வந்து தினமும் சுவரில் சாய்ந்துதான் டீ குடிக்கிறார். "உங்க அண்ணன் ஒரு மாசம் இங்க இருந்து மொத்தம் பதினோரு வார்த்தை பேசினாரு. மிச்சத்தையெல்லாம் செங்கல்லா அடுக்கிட்டுப் போயிட்டாரு" என்கிறார்.

சங்கத்துச் செயலாளரும் வந்திருந்தார். நிலம் தோட்டக்காரர் சங்கத்துடையது என்று உனக்குத் தெரியும். "ரெண்டு வருஷம் பொறுத்துட்டோம்மா. இந்த மார்ச்சுலயும் ஆயிரம் கன்னு வரலேன்னா நிலத்த வேற ஆளுக்குக் குடுக்க வேண்டியதுதான்" என்று ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடிக்காத குறையாகக் கீழே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். "இதப் பாத்துட்டு மிச்சத்தப் பேசுங்க" என்றேன். மனிதர் சுவரைத் தட்டிப் பார்த்தார், மிச்சத்தைப் பேசவில்லை.

ஆறு வருஷத்தில் உனக்குக் கிடைத்தது ஒரு மாத லீவு. அதை எனக்காக வெயிலில் நின்று கரைத்தாய். நேரில் சொன்னால் நீ தூக்குக்குண்டு மாதிரி தலையைக் கீழே தொங்கவிட்டுக்கொள்வாய். அதனால் எழுத்தில் சொல்கிறேன்: நன்றி, அண்ணா. அண்ணிக்கும். ஊர் சுற்றலாம் என்று புதுச் செருப்பு வாங்கி வந்தவர், அதைப் போட்டுக்கொண்டு செங்கல் எடுத்துக் கொடுத்தார்.

உன்,
வாயாடி


அக்டோபர் 22

தங்கை வாயாடிக்கு,

அண்ணன் எழுதுவது. நலம். முட்டி பரவாயில்லை. அண்ணி நலம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

சுவருக்கு மூன்று வாரம் தண்ணீர் விட்டாயா? மூலையில் விரிசல் இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார். கண்ணால் பார்த்தால் தெரியாது.

நீ பயப்பட வேண்டாம். அதில் எறும்பு நுழையாது. அடியிலும் இடைவெளி விடவில்லை, இணைப்பிலும் விடவில்லை. இரண்டு முனையையும் மேட்டுப் பக்கம் வளைத்துவிட்டிருக்கிறேன், மடியில் குழந்தையை வைத்துக்கொள்கிற மாதிரி. சைட்டில் இருக்கிறவர்களுக்குப் படம் காட்டினேன். இஞ்சினியரும் பார்த்தார்.

தாள் நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்.

அண்ணன்


நவம்பர் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் நீளமான கடிதம் கிடைத்தது. தபால்காரரையே உட்கார வைத்து இரண்டு தடவை படிக்கச் சொன்னேன், அப்படியும் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நாங்கள் சுகம். முட்டிக்குக் களிம்பு வாங்கி அனுப்புகிறேன், அதை முட்டியில் தடவு, அலமாரியில் அடுக்காதே.

இங்கே உறைபனி ஆரம்பித்துவிட்டது. காலையில் எழுந்தால் வண்டிக் கண்ணாடியில் வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி. உன் மாப்பிள்ளை ஒரு கெண்டி வெந்நீர் எடுத்துப் போய் ஊற்றி, ரொட்டிக் கத்தியால் சுரண்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். அந்தக் கத்தியாலேயே எனக்கு ரொட்டி வெட்டித் தருகிறார், அவ்வளவு பாசம்.

கீழே இரண்டு வரிசை கொஞ்சம் கறுத்திருக்கிறது. கன்று என்றால் அப்படித்தான், ஒன்றிரண்டு நோஞ்சான் இருக்கும். சாக்குப் போட்டு மூடியிருக்கிறேன். நீ அதைப் பற்றி யோசிக்காதே.

சுவர் நலம். விரிசல் இல்லை. உள்ளங்கையால் தடவினேன்.

அண்ணியிடம் புதுச் செருப்புக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன்,
வாயாடி


நவம்பர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தையல் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன் என்றதும் பயந்துவிடாதீர்கள், எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். உங்கள் கழுத்து வலி குறைந்ததா? இதைப் படித்துவிட்டு மிஷினுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். அண்ணன் கண்ணில் படக் கூடாது.

கீழ் இரண்டு வரிசையில் கறுத்தது, அண்ணனுக்கு எழுதின மாதிரி நோஞ்சான் கன்று இல்லை, அண்ணி. நூற்று நாற்பதும் நல்ல கன்று. சுவர் இல்லாத காலத்தில் உறைபனி வந்தால் இலை நுனி மட்டும் பொசுங்கும், வெயில் வந்ததும் துளிர்த்துவிடும். இந்தத் தடவை தண்டோடு போய்விட்டது. சாக்குக்கு அடியிலேயே போய்விட்டது.

வானிலை நிலையத்தில் ஒருவர் இருக்கிறார், தெர்மாமீட்டரும் கையுமாகச் சைக்கிளில் சுற்றுவார், நாங்கள் அவரைப் பாதரசம் என்போம். அவர்தான் நேற்றுச் சாயங்காலம் வந்து பார்த்தார். வெயில் மலைக்குப் பின்னால் போனதும், காற்று அசையாமல் நின்றதும், மேட்டில் ஒரு ஈரச் சாக்கைக் கொளுத்தினார்.

"புகை எங்க போகுதுன்னு பாருங்கம்மா" என்றார்.

"மேலதான் போகும். புகை வேற எங்க போகும்?"

"பாருங்களேன்."

அது மேலே போகவில்லை. தரையோடு தவழ்ந்து, வரிசை வரிசையாகக் கன்றுகளுக்கு நடுவில் புகுந்து, சாவகாசமாகக் கீழே இறங்கிச் சுவருக்கு வந்தது. அங்கே நின்றது. பின்னால் வந்தது அதன் மேல் ஏறியது. அப்படியே குளம் மாதிரி நெஞ்சளவு நிறைந்து, சுவரின் விளிம்பில் எட்டிப் பார்த்தது.

"குளிர்ந்த காத்து கனமானது. ராத்திரி முழுக்க மலையிலேர்ந்து தண்ணி மாதிரி இறங்கி ஆத்துப் பக்கம் வடிஞ்சிடும். இங்க வடிய வழியில்ல. உங்க கன்னுங்க குளிர்க் குளத்துல கழுத்தளவு முங்கி நிக்குது" என்றார். சுவருக்கு உள்ளே ஒரு தெர்மாமீட்டர், வெளியே ஒன்று மாட்டினார். காலையில் உள்ளே நாலு டிகிரி குறைவு. "ஒரு ஓட்டை கூட இல்லையே, யாரு கட்டினது?" என்று கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. நான், அண்ணி, இந்த வாயாடி! நான் வாயே திறக்கவில்லை!

இன்னும் இரண்டு மூன்று கடும் பனி வந்தால் ஆயிரம் தேறாது. நிலம் போகும். சுவரை உடைத்தால் கன்று பிழைக்கும். ஆனால் எந்தக் கையால் உடைப்பது, எந்த வாயால் அவனிடம் சொல்வது? நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன்.

உங்கள்,
நாத்தனார்


டிசம்பர் 2

தங்கை வாயாடிக்கு,

நலம். களிம்பு வந்தது. தடவினேன்.

கீழ் வரிசை கறுத்தது என்று எழுதியிருந்தாய். யோசிக்காதே என்றும் எழுதியிருந்தாய். யோசித்தேன். சுவரின் உயரம் போதவில்லை. குளிர் ஆற்றுப் பக்கமிருந்து சுவரைத் தாண்டி உள்ளே விழுகிறது. அதனால்தான் சுவரை ஒட்டின வரிசை முதலில் போகிறது. என் தப்பு. அப்போதே இன்னும் இரண்டு வரி செங்கல் ஏற்றியிருக்க வேண்டும்.

எனக்கு இப்போது லீவு இல்லை. என் கூட்டாளி நெட்டை ஜனவரி முதல் வாரம் உங்கள் பக்கம் வருகிறான். அவனிடம் கரண்டியும் ரசமட்டமும் கொடுத்தனுப்புகிறேன். இரண்டு வரி ஏற்றிவிட்டுத் திரும்புவான். செங்கல் மிச்சம் இருக்கிறது, மாட்டுக் கொட்டகை ஓரம் அடுக்கி வைத்தேன். அதைத் தொடாதே.

மாப்பிள்ளையை ரொட்டிக் கத்தியைக் கழுவச் சொல்.

அண்ணன்


டிசம்பர் 6

அன்பு நாத்தனாருக்கு,

நான் சுகமாக இருக்கிறேன், கழுத்து அப்படியேதான் இருக்கிறது, தலை இன்னும் அதன் மேல்தான் இருக்கிறது. உன் கடிதத்தைக் கடையில் படித்துவிட்டு ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து உன் அண்ணன் என்னை இந்த ஊரில் வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்துவார். "இது நான் கட்டினது" என்பார். "அந்த வளைவு பாரு" என்பார். யாராவது கதவைத் திறந்து "என்ன வேணும்?" என்று கேட்டால் நகர்ந்துவிடுவோம். முப்பது வருஷம் இப்படி. நாங்கள் இருப்பது வாடகை அறை, அதில் ஆணி அடிக்கக்கூடக் கேட்க வேண்டும். உன் தோட்டத்துச் சுவர் முன்னால் ஒரு மாதம் நின்றோம். யாரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்கவில்லை.

அந்தப் படத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார். வியர்வையில் ஓரமெல்லாம் ஊறிப்போயிற்று. துவைக்கும்போது நான்தான் எடுத்து வைக்கிறேன்.

சொல்லாதே என்று நான் சொல்ல மாட்டேன், உன் வயிறு அந்த நிலத்தில் இருக்கிறது. சொல் என்றும் சொல்ல மாட்டேன். என் வாயால் நான் சொல்ல மாட்டேன், அவ்வளவுதான். நெட்டை வருவதற்குள் நீ ஒரு முடிவுக்கு வா. வந்துவிட்டால் அவன் ரசமட்டம் வைத்து ஏற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான்.

உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

அண்ணி


டிசம்பர் 23

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம், அதாவது ஒருவரை ஒருவர் பார்க்க முடிந்த நேரத்தில் சுகமாகத்தான் தெரிகிறோம். அங்கே நீங்கள் இருவரும் வெயிலில் வெந்துகொண்டிருப்பீர்கள். ஒரு டப்பாவில் அடைத்து அனுப்பு.

பதினோரு நாளாக மூடுபனி. விடிகிறது என்று கடிகாரம்தான் சொல்கிறது. காற்று துளிகூட அசையவில்லை. வீட்டு அடுப்புப் புகையெல்லாம் மேலே போக மாட்டேன் என்று தெருவிலேயே படுத்துக் கிடக்கிறது. ஊரே மூடி போட்ட சட்டிக்குள் உட்கார்ந்து இருமுகிறது. மேலே மலையில் சுள்ளென்று வெயில் அடிக்கிறதாம். நம் தலைக்கு மேல் சூடான காற்று மூடி மாதிரி உட்கார்ந்து கீழே இருக்கிறதை எழுந்திருக்க விடவில்லை என்று வானிலை நிலையத்துக்காரர் சொல்கிறார். எனக்கு என் மாமியார் ஞாபகம் வந்தது.

உன் மாப்பிள்ளை வண்டி ஓட்டுகிற அழகைப் பார்க்க வேண்டும். ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டிக்கொண்டு, நடந்து போகிறவனைவிட மெதுவாகப் போகிறார். முன்னால் நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். முந்தாநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பாலை முடிதிருத்தும் கடையில் இறக்கிவிட்டோம். அந்த முடிதிருத்துபவர் நாலு கேனையும் பார்த்துவிட்டு, "ஏம்மா, நான் தலையத்தான் கழுவுவேன், குளிப்பாட்ட மாட்டேன்" என்றார்.

துணி காயவில்லை. எட்டு நாளாக ஒரே ஸ்வெட்டர். நான் போட்டுக்கொள்வதற்கு முன்பே அது கையை நீட்டுகிறது.

ஊரே திட்டுகிற இந்த மூடுபனிக்கு நான் மட்டும் காலையில் எழுந்து ஒரு கும்பிடு போடுகிறேன். இது போர்வை மாதிரி மூடியிருக்கிற வரைக்கும் உறைபனி கன்றைத் தொடாது. பதினோரு நாளில் ஒரு இலை கறுக்கவில்லை. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாததால் மூடுபனிக்கே சொல்லிவிட்டேன்.

இந்த இருட்டில் நெட்டை அண்ணனை எதற்கு வரச் சொல்கிறாய்? அவர் உயரத்துக்குத் தலை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் தொலைந்துபோகும். கோடையில் பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணியின் கழுத்தைப் பார்த்துக்கொள்.

உன்,
வாயாடி


டிசம்பர் 30

தங்கைக்கு,

நலம்.

நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். மூடுபனி இருக்கிறது, ஸ்வெட்டர் இருக்கிறது, முடிதிருத்துபவர் இருக்கிறார். சுவர் எங்கேயும் இல்லை.

விழுந்துவிட்டதா? விழுந்திருந்தால் சொல். நான் கட்டின எதுவும் இதுவரை விழுந்ததில்லை. ஆனால் சொல்.

நெட்டை ஆறாம் தேதி கிளம்புகிறான்.

அண்ணன்


ஜனவரி 13

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். அண்ணி சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

சுவர் விழவில்லை. நான் உடைத்தேன்.

கன்று கறுத்தது குளிர் வெளியே இருந்து தாண்டி வந்ததால் இல்லை. உள்ளே இறங்கினது வெளியே போக முடியாததால். உன் சுவர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. நவம்பரிலேயே எனக்குத் தெரியும். புகை போட்டுப் பார்த்தோம். உனக்கு எழுதவில்லை. என்னென்னவோ எழுதினேன்.

எட்டாம் தேதி நெட்டை அண்ணன் வந்தார். அவருக்கும் ஒரு ஈரச் சாக்கைக் கொளுத்திக் காட்டினேன். ரொம்ப நேரம் தலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரசமட்டத்தைத் திரும்பப் பையில் வைத்தார்.

"ஏத்த மாட்டேன்மா" என்றார்.

"அப்ப இடிங்கண்ணே."

"அதுவும் மாட்டேன். மேஸ்திரி கட்டினது. அவரு எழுத்துல சொன்னா ஏத்துறேன், எழுத்துல சொன்னா இடிக்கிறேன். அதுவரைக்கும் என் கை அதத் தொடாது."

பத்தாம் தேதி வானிலை நிலையத்துப் பாதரசம் சைக்கிளில் வந்தார். மறுநாள் மூடுபனி விலகும், வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆகும், அதற்குப் பிறகு வருவது இந்தக் குளிர்காலத்திலேயே பெரிய பனி என்றார். உனக்கு எழுதிப் பதில் வரப் பத்து நாள். எனக்கு இருந்தது ஒரு பகல்.

உன் மாப்பிள்ளை கடப்பாரையை எடுத்தார். இரண்டு போடு போட்டார். கீழே வைத்துவிட்டார். "முடியலடி. உங்க அண்ணன் முதுகுல அடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். மிச்சத்தை நான் அடித்தேன். அண்ணா, என்ன கலவை போட்டாய் நீ? ஒரு கல் அசைய மாட்டேன் என்றது. ஒவ்வொரு அடிக்கும் உன்னைத் திட்டினேன், ஒவ்வொரு கல்லுக்கும் அழுதேன். நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு, மேலிருந்து மூன்று வரி. அதற்கு மேல் என் கை போகவில்லை.

போதவில்லை. நேற்றுக் காலை பார்த்தால் இன்னும் இரண்டு வரிசை போயிருக்கிறது. மிச்சம் ஆயிரத்து நூற்றுச் சொச்சம். நல்லவேளை, இன்று மறுபடி மூடுபனி வந்து மூடிக்கொண்டது. இது விலகி இன்னும் ஒரு பனி இறங்கினால் ஆயிரத்துக்குக் கீழே போய்விடும்.

உன்னிடம் ஒளித்ததுதான் நான் செய்த தப்பு, உடைத்தது இல்லை. அதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் திட்டி எழுது, எழுதாமல் இருக்காதே.

நெட்டை அண்ணன் இங்கேதான் இருக்கிறார். பால் டிப்போ அறையில் படுத்துக்கொள்கிறார். உன் எழுத்துக்காகக் காத்திருக்கிறேன் என்கிறார், காத்திருக்கிற நேரத்தில் மூன்று ஆள் சாப்பாடு சாப்பிடுகிறார்.

உன் தங்கை


ஜனவரி 24

தங்கை வாயாடிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. பத்தொன்பதாம் தேதி வேலைக்குப் போகவில்லை. இருபதாம் தேதி போனேன், ஒரு சுவரைக் கோணலாகக் கட்டினேன், பிரித்துக் கட்டினேன். இருபத்தொன்றாம் தேதி உன் அண்ணி சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துவிட்டு, "எனக்கும் நவம்பர்லேர்ந்து தெரியும்" என்றாள். அன்றிலிருந்து மூன்று நாள் சாப்பிடவில்லை.

சுவருக்காகக் கோபம் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் என்னை வெந்நீர்ப் பாத்திரம் மாதிரி துணி வைத்துப் பிடித்தீர்கள், அதற்குத்தான். அது ஆறிவிட்டது. முன்பே எழுதியிருக்க வேண்டும், ஆறு நாள் வீணாக்கிவிட்டேன். இப்போது வேலையைப் பேசுவோம்.

நான் முப்பது வருடமாகக் கட்டியதெல்லாம் வீட்டுச் சுவர். உள்ளே இருக்கிற சூடு வெளியே போகக் கூடாது, அதுதான் வீட்டுச் சுவர். அதே கையோடு உன் தோட்டத்துக்கும் கட்டிவிட்டேன். அங்கே உள்ளே இருக்கப்போவது குளிர் என்று தோன்றவில்லை. மண்ணைத் தாங்குகிற சுவர் என்றால் தண்ணீர் வடிய அடியில் ஓட்டை விடுவேன். காற்றும் வடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு மோசமான கொத்தனார் கட்டியிருந்தால் சந்து பொந்து வழியாக வடிந்து உன் கன்று பிழைத்திருக்கும். உனக்கு வாய்த்தது நல்ல கொத்தனார். சகித்துக்கொள்.

நீ உடைத்தது தப்பான இடம். தொட்டியின் மேல் விளிம்பில் நாலு விரல் உடைத்தால் நாலு விரல் தண்ணீர்தான் வடியும். அடியில் திறக்க வேண்டும். அதுவும் நடுவில் இல்லை, தரை எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே. இடது மூலையிலிருந்து எட்டடி. மழைத் தண்ணீர் தேங்குகிற இடம், உனக்குத் தெரியும்.

அங்கே தரையோடு ஐந்து வரி, நாலடி அகலம் திறக்க வேண்டும். முதலில் கல்லை எடுக்காதே, மேலே இருப்பது இறங்கிவிடும். ஆறாவது வரியில் பாதிப் பாதியாக வெட்டி, கொட்டகையில் இருக்கிற மரச் சட்டத்தைச் சொருகி முட்டுக் கொடுக்கட்டும். அது உட்கார்ந்த பிறகுதான் கீழே கை வைக்க வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் கடப்பாரைதான் வளையும். நடுக்கல்லை முதலில் உருவுங்கள். அது வந்துவிட்டால் பக்கத்தில் இருப்பது தானாக இளகும். இதே மாதிரி வலது பக்கமும் ஒன்று.

இது நெட்டைக்கு என் எழுத்து: இடி.

மிச்சச் செங்கல்லைத் தொடாதே என்று சொல்லியிருந்தேன். திறப்பின் விளிம்பை அதால் கட்டி முடிக்கச் சொல். உடைத்த மாதிரி தெரியக் கூடாது, வைத்துக் கட்டின மாதிரி தெரிய வேண்டும்.

இன்று சாப்பிட்டேன்.

அண்ணன்

பின்குறிப்பு: மேலே நீ உடைத்த மூன்று வரியை மூட வேண்டாம். என் தங்கை கொத்தின இடம் என்று ஒன்று இருக்கட்டும். எப்படிக் கொத்தியிருக்கிறாய் என்று பார்க்க வேண்டும்.


மார்ச் 16

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், ஒரே தாளில். நாங்கள் சுகம். இருமல் போய்விட்டது. ஸ்வெட்டரைத் துவைத்தேன், இரண்டு தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது.

உன் கடிதம் ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி வந்தது. தபால்காரர் நெட்டை அண்ணன் கையிலேயே கொடுத்தார். மனிதர் "இடி" என்கிற வார்த்தை வரைக்கும் படித்தார், மடித்தார், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அவர் சாப்பாட்டை விட்டு எழுந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு பகலில் இரண்டு பக்கமும் திறந்துவிட்டார். மூன்றாம் நாள் வானம் திறந்தது.

அந்த வாரம் நாலு பனி, அண்ணா. ஒவ்வொரு காலையும் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் கீழே இறங்கினேன், உன் மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "திறடி, பச்சையாத்தான் இருக்கு" என்பார். நான் நம்பாமல் ஒரு கண்ணை மட்டும் திறப்பேன். பச்சையாகத்தான் இருந்தது. இலை நுனி பொசுங்கியிருந்தது, அவ்வளவுதான். பிப்ரவரியில் எல்லாம் துளிர்த்துவிட்டன.

நேற்றுச் சங்கத்து லாரி வந்தது. செயலாளரே இறங்கி எண்ணினார். ஆயிரத்து நூற்றுப் பதினேழு. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார், ஆயிரத்து நூற்று இருபது வந்தது. "மூணு கன்னு அதுக்குள்ள மொளச்சிடுச்சாம்மா?" என்றார். நிலத்துக்கு இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது குனிந்து அந்தத் திறப்பைப் பார்த்தார். "இது எதுக்கு, நாய் போறதுக்கா?" என்று கேட்டார். "குளிர் போறதுக்கு" என்றேன். மேலக் காட்டில் சுவர் வைத்திருக்கிற மூன்று பேரை அனுப்பிவைக்கிறேன் என்றார். உன்னிடம்தான் கேட்கச் சொல்லுவேன், தபால் விலாசம் கொடுத்துவிட்டேன். இனிமேல் உனக்குக் கடிதம் எழுதக் கை வலிக்கப் போகிறது.

இன்று காலையும் லேசாகப் பனி. கடைசிப் பனியாக இருக்கும். நிலம் காலியாகிவிட்டது, பார்க்க ஒன்றும் இல்லை, ஆனாலும் இறங்கிப் போனேன். இடது பக்கத்துத் திறப்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை உள்ளே நீட்டினேன். குளிர் விரலுக்கு நடுவில் போய்க்கொண்டே இருந்தது, அண்ணா. சத்தமில்லாமல், அவசரமில்லாமல், ஆற்றைப் பார்த்து. கை விறைத்துப்போகிற வரைக்கும் எடுக்க மனம் வரவில்லை.

சுவர் கட்டித் தந்ததற்கு அக்டோபரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். அதை இன்னொரு தடவை சொல்ல மாட்டேன், உனக்குத் தலைக்கனம் வந்தால் கழுத்து தாங்காது. இது வேறு நன்றி. மூன்று நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு, நாலாம் நாள் பேனாவை எடுத்து, எந்தக் கல்லை முதலில் உருவ வேண்டும் என்று எழுதினாயே, அதற்கு.

உன்,
வாயாடி